கண்காணிக்கப்படுகிறோம் என்று தெரிந்தும் மக்கள் ஏன் வீதிக்கு வருவதில்லை?

பனைநிழல் கேட்டது:

2013ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில், அமெரிக்க உளவுத்துறையில் ஒப்பந்தப் பணியாளராக இருந்த எட்வர்ட் ஸ்னோடன் கொண்டுவந்த ஆவணங்கள் வெளியாகத் தொடங்கின. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை, வெரைசன் தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் யாரை அழைத்தார்கள், எப்போது அழைத்தார்கள், எவ்வளவு நேரம் பேசினார்கள் என்ற விவரங்களை நாள்தோறும் மொத்தமாகப் பெற்று வந்தது அவற்றில் முதலில் வெளிப்பட்ட செய்தி. அதே ஜூன் மாதத்தில் பிரேசிலில், சாவோ பாவ்லோ நகரப் பேருந்துக் கட்டணம் 3 ரியாலிலிருந்து 3.20 ரியாலாக உயர்ந்ததை எதிர்த்துத் தொடங்கிய கிளர்ச்சி நாடெங்கும் பரவி, ஜூன் 20 அன்று மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரை வீதிக்குக் கொண்டுவந்தது. கண்காணிப்பை எதிர்த்து அக்டோபர் 26 அன்று வாஷிங்டனில் நடந்த பேரணிக்கு வந்தவர்களோ சில ஆயிரம் பேர்தான்.

பிரேசிலில் கட்டண உயர்வு ஒரு பொறி மட்டுமே என்பதையும், அதற்குப் பின்னால் வேறு பல மனக்குறைகள் குவிந்து கிடந்தன என்பதையும் அறிவேன். ஆனாலும், சில்லறைக் காசு உயர்வுக்குக் கொதித்தெழும் அதே மனித இயல்பு, தன் அன்றாட உறவுகளையும் நடமாட்டத்தையும் அரசு பதிந்து வைப்பதற்கு ஏன் கொதிப்பதில்லை என்ற கேள்வி என்னை விடவில்லை.

இதைப் பற்றிப் பேசும் இடங்களிலெல்லாம் எனக்கு முதலில் கிடைக்கும் பதில், ‘மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்’ என்பதுதான். சற்று நேரம் பேச்சு நீண்ட பிறகு, அதே நபர் குரலைத் தாழ்த்தி, ‘இதையெல்லாம் வாட்ஸப்பில் எழுதிவிடாதீர்கள்’ என்கிறார். பயமில்லை என்று சொன்னவர் எதற்காக எச்சரிக்கிறார்? இது அலட்சியமா, அச்சமா, அல்லது இரண்டுக்கும் நடுவில் நாம் பெயர் வைக்காத வேறொன்றா? மக்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை என்ற பதிலை நானே எனக்குச் சொல்லிக்கொள்ள முடியும் என்பதால், அதைத் தாண்டிய விளக்கங்களை எதிர்பார்க்கிறேன்.

எழுத்தாணி எழுதியது:

பனைநிழல் அவர்களுக்கு, கண்காணிப்பை எதிர்த்து மக்கள் ஒருபோதும் எழுந்ததில்லை என்று வைத்துக்கொண்டு விடை தேடினால் நாம் மனித இயல்பைக் குறை சொல்வதில் போய் முடிவோம். எழுந்திருக்கிறார்கள், எந்தச் சூழலில் எழுந்தார்கள் என்பதைப் பார்த்தால், இன்று ஏன் எழவில்லை என்பதற்கு ஓரளவு விளக்கம் கிடைக்கிறது.

மேற்கு ஜெர்மனி 1983ஆம் ஆண்டு ஏப்ரல் 27 அன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்தத் திட்டமிட்டிருந்தது. கணக்கெடுப்பு எல்லா நாடுகளிலும் நடப்பதுதான் என்றாலும், அந்த ஆண்டின் சட்டம், திரட்டப்படும் விவரங்களைக் குடியிருப்புப் பதிவேட்டோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளவும் அரசு அலுவலகங்களுக்கு இடம் கொடுத்தது. அதாவது, புள்ளிவிவரத்துக்கென்று கேட்ட பதில் நிர்வாகத்தின் கைக்கும் போகும். அரசுக் கணினிகளைப் பற்றிய அச்சம் பரவியிருந்த காலம் அது. சில மாதங்களுக்குள் நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான புறக்கணிப்புக் குழுக்கள் முளைத்தன. ‘அரசியல்வாதிகள் கேட்கிறார்கள், குடிமக்கள் பதில் சொல்வதில்லை’ என்பது அவர்களுடைய முழக்கங்களுள் ஒன்று. கணக்கெடுப்புக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஏப்ரல் 13 அன்று, கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது; டிசம்பர் 15 அன்று வழங்கிய தீர்ப்பில், தன்னைப் பற்றிய தகவல் எங்கே எவ்வாறு பயன்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அடிப்படையில் அந்தத் தனிமனிதருக்கே உரியது என்று அறிவித்தது. கணக்கெடுப்பு திருத்தப்பட்ட வடிவில் 1987 மே மாதம்தான் நடந்தது. அப்போதும் எதிர்ப்பு ஓயவில்லை. படிவத்தின் ஓரத்தில் அச்சிட்டிருந்த அடையாள எண்ணைக் கத்தரியால் வெட்டியெடுத்துவிட்டுப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தவர்கள் இருந்தார்கள்.

அந்தக் கத்தரியைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன். அரசு கேட்டது, கேட்பதற்கு ஓர் ஆள் வாசலுக்கு வந்தார், கையில் ஒரு காகிதம் இருந்தது, அதை நிரப்பாமல் விடுவதோ வெட்டுவதோ ஒரு செயல். மறுப்பதற்கு ஒரு நாளும், ஓர் இடமும், ஒரு பொருளும் இருந்தன. அது எல்லாருக்கும் ஒரே நாளில் வாய்த்ததால், பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்யப் போகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவும் முடிந்தது.

இன்றைய கண்காணிப்பில் அப்படி வாசலுக்கு வருபவர் எவரும் இல்லை. தொலைபேசி நிறுவனத்தின் சர்வரிலிருந்து ஒரு நகல் முகமைக்குப் போகும்போது உங்களிடம் எவரும் எதையும் கேட்பதில்லை. கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொல்ல மறுப்பது எப்படி? செயலியை நிறுவும்போது வரும் ‘ஒப்புக்கொள்கிறேன்’ பொத்தான் மட்டுமே கேட்பது போன்ற தோற்றத்தைத் தருகிறது, ஆனால் அதை அழுத்தாவிட்டால் செயலியே இல்லை. வங்கியிலிருந்து பள்ளிக்கூடம் வரை அதே செயலிகளின் வழியாகத்தான் இயங்குகின்றன என்னும்போது மறுப்பின் விலை ஒரு நாள் சங்கடம் என்ற அளவில் நிற்பதில்லை, வாழ்க்கை முறையையே மாற்ற வேண்டியதாகிவிடுகிறது.

நீங்கள் பெயர் வைக்கப்படாதது என்று சொன்னதைச் சிலர் அளந்து பார்த்திருக்கிறார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கர்கள் தங்கள் தகவலை நிறுவனங்களிடம் விட்டுக்கொடுப்பது ஏதோ நல்ல பேரம் என்று நினைத்து அல்ல, எப்படியும் கட்டுப்பாடு தம் கையில் இல்லை என்று மனம் தளர்ந்துதான் என்பது தெரியவந்தது. கேட்கப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்த மனநிலையில் இருந்தார்கள். தகவல் எவ்வாறு பயன்படுத்தப்படுகிறது என்பதைக் கூடுதலாக அறிந்தவர்களிடம் இந்தத் தளர்ச்சி குறையவில்லை, கூடியிருந்தது. அந்த ஆய்வு வணிக நிறுவனங்களைப் பற்றியது. அரசுக்கும் பொருந்தும் என்பது என் கணிப்பு. அப்படியானால் விழிப்புணர்வு ஊட்டுவதால் மட்டும் போராட்டம் பிறக்காது.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். பொதுநலனுக்காகப் போராடும் செலவை ஒருவர் ஏற்க, பயனை அனைவரும் அனுபவிக்கும் இடங்களில் பெரிய குழுக்கள் அசைவதில்லை என்று பொருளியலாளர் மேன்கூர் ஓல்சன் 1965இலேயே விளக்கினார். பேருந்துக் கட்டணத்தில் இழப்பு ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் நாளைக்கே தெரியும். கண்காணிப்பில் இழப்பு என்றோ ஒருநாள், யாரோ ஒருவருக்கு, காரணம் சொல்லப்படாமல் நேர்கிறது. வேலை விண்ணப்பம் மறுக்கப்பட்டவரோ விமான நிலையத்தில் தனியே அழைத்து விசாரிக்கப்பட்டவரோ அதன் காரணம் எந்தப் பதிவேட்டில் இருந்தது என்பதை அறிய வழியில்லை. பூனைக்கு மணி கட்டுவது யார் என்ற கேள்விக்கு முன்பாக, பூனை எங்கே இருக்கிறது என்பதே தெரியாத நிலை.

குறிஞ்சிக்காடு எழுதியது:

எழுத்தாணி அவர்களின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆனால் வீதிக்கு வராதவர்களை மனம் தளர்ந்தவர்கள் என்றோ அஞ்சியவர்கள் என்றோ முடிவு கட்டுவதில் ஓர் அவசரம் இருப்பதாக எனக்குப் படுகிறது. அவர்கள் யோசித்தே ஏற்றுக்கொண்டிருக்கலாம் என்ற வாய்ப்பை ஏன் விட்டுவிடுகிறோம்?

2020இல் பிரெஞ்சு, டச்சு காவல்துறைகள் என்க்ரோசாட் என்ற மறைசெய்திச் சேவைக்குள் நுழைந்தன. அதன் பயனர்கள் ஏறத்தாழ 60,000 பேர். 2023 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் முகமையான யூரோபோல் கொடுத்த கணக்கின்படி, அந்தச் செய்திகளின் துணையால் உலகெங்கும் கைதானவர்கள் 6,558 பேர். போதைப்பொருள் கடத்தல், ஆள்கடத்தல், கொலைத் திட்டங்கள் எல்லாம் அந்தச் செய்திகளில் இருந்தன. இப்படிப்பட்ட செய்தியை வாசிக்கும் ஒரு சாதாரணக் குடிமகர், தன் அழைப்பு விவரம் ஏதோ ஒரு கிடங்கில் கிடப்பதைப் பெரிய இழப்பாகக் கருதாமல் இருப்பதில் அறியாமை எங்கே இருக்கிறது? மடியில் கனமில்லை என்று அவர் சொல்வதை, நாம் நம்ப விரும்பாததால், பொய் என்று சொல்லிவிட முடியாது. போராடாமல் இருப்பதும் ஒரு கருத்துதான். அதை நோயாகப் பார்க்கும் பழக்கம் செயற்பாட்டாளர்களிடம் இருக்கிறது.

செவ்வந்தி எழுதியது:

குறிஞ்சிக்காடு அவர்களுக்கு, நீங்கள் கூறும் வகையினர் இருக்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் என்க்ரோசாட் எடுத்துக்காட்டு வாதத்தை நீங்கள் விரும்பும் திசையில் நகர்த்தவில்லை. அது ஒரு குறிப்பிட்ட சேவையைக் குறிவைத்து, நீதிபதியின் ஒப்புதலோடு நடந்த புலனாய்வு. அதிலும் அந்தச் சேவையின் எல்லாப் பயனர்களும் சந்தேகத்துக்குரியவர்களா என்ற வழக்கு ஐரோப்பிய நீதிமன்றங்கள் வரை போனது. பனைநிழல் கேட்டது, எவர் மீதும் சந்தேகம் இல்லாமலே எல்லாரையும் பதிந்து வைப்பதைப் பற்றி. ஸ்னோடன் வெளிப்படுத்திய அந்தத் தொலைபேசிப் பதிவுத் திட்டத்தை அமெரிக்க அரசே அமைத்த தனியுரிமை மேற்பார்வை வாரியம் ஆராய்ந்து, 2014 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது: பயங்கரவாதப் புலனாய்வு எதிலும் அத்திட்டம் முடிவை மாற்றும் அளவுக்கு உதவியதாக ஒரு நிகழ்வைக்கூட அவ்வாரியத்தால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மடி, கனம் என்ற பேச்சுக்கு வருகிறேன். மடியில் இருப்பது கனமா இல்லையா என்பதை நடப்பவர் தீர்மானிப்பதில்லை, வழிமறிப்பவர் தீர்மானிக்கிறார். அதுவும் பின்னாளில் தீர்மானிக்கிறார். நெதர்லாந்தின் குடிமக்கள் பதிவேடு போருக்கு முன்பே ஒழுங்கும் முழுமையும் கொண்டிருந்தது. ஒவ்வொருவரின் சமயமும் அதில் எழுதப்பட்டிருந்தது. திருச்சபைக் கணக்குகளுக்கும் நிர்வாக வசதிக்குமாக எழுதப்பட்ட அந்தக் கட்டத்தை நிரப்பும்போது யாருக்கும் மடியில் கனமில்லை. 1940இல் ஜெர்மானியப் படை நாட்டைக் கைப்பற்றியதும், யூதர்களை வீடுவாரியாகத் தேடிப் பிடிக்க அதே பதிவேடு உதவியது. 1943 மார்ச் 27 இரவில் எதிர்ப்பு இயக்கத்தினர் ஆம்ஸ்டர்டாம் பதிவகத்துக்குள் காவலர் வேடத்தில் நுழைந்து அட்டைகளுக்குத் தீ வைத்தார்கள். எரிந்தது ஒரு பகுதிதான். அதில் பங்கெடுத்தவர்களில் பன்னிரண்டு பேர் அதே ஆண்டு ஜூலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தொகுத்து வைத்த பட்டியலை அழிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை என்று நினைக்கிறேன்.

பனைநிழல் சுட்டிய புதிர், அதாவது பயமில்லை என்று சொன்ன வாயே எச்சரிப்பது, எனக்குப் புதிராகத் தெரியவில்லை. ‘பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே’ என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். வெளியில் சொல்வது கண்ணியத்துக்காக, உள்ளே நடப்பது கணக்கு. அந்தக் கணக்கின் தடயம் அளவுகோல்களில் தெரிகிறது: 2013 ஜூனுக்குப் பிறகு விக்கிப்பீடியாவில் பயங்கரவாதம் தொடர்பான கட்டுரைகளைத் திறந்து படிப்பவர்களின் எண்ணிக்கை சட்டென்று விழுந்ததை ஜோனதன் பென்னி என்ற சட்ட ஆய்வாளர் 2016இல் காட்டினார். கலைக்களஞ்சியக் கட்டுரையைப் படிப்பது எந்தச் சட்டத்திலும் குற்றம் இல்லை. ஒருவரும் தடுக்கவும் இல்லை. அந்த வாசகர்கள் தாங்களாகவே விலகிக்கொண்டார்கள். அமெரிக்காவின் பென் எழுத்தாளர் அமைப்பு 2013இல் தன் உறுப்பினர்களிடம் கேட்டபோது, ஏறத்தாழ ஆறில் ஒருவர் கண்காணிப்புக்கு அஞ்சி ஏதோ ஒரு பொருளைப் பற்றி எழுதுவதையோ பேசுவதையோ தவிர்த்ததாகச் சொன்னார். வீதிக்கு வராததை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால், படிக்காமல் விட்ட பக்கங்களையும் எழுதாமல் விட்ட கட்டுரைகளையும் எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

இந்த அச்சம் தற்செயலான பக்கவிளைவு என்றும் எப்போதும் சொல்ல முடியாது. 1971 மார்ச் 8 இரவு, பென்சில்வேனியாவின் மீடியா என்ற சிற்றூரில் இருந்த எஃப்.பி.ஐ. கிளை அலுவலகத்தின் பூட்டை உடைத்து, போர் எதிர்ப்பாளர்கள் சிலர் கோப்புகளை அள்ளிச் சென்று செய்தித்தாள்களுக்கு அனுப்பினார்கள். அவற்றில் இருந்த ஒரு குறிப்பு, எதிர்ப்பாளர்களை அடிக்கடி நேரில் சந்தித்து விசாரிக்கும்படி முகவர்களுக்கு அறிவுறுத்தியது. அவர்களிடையே ஏற்கெனவே நிலவும் சந்தேக மனநிலையை அது வளர்க்கும் என்றும், ஒவ்வொரு அஞ்சல் பெட்டிக்குப் பின்னாலும் ஒரு எஃப்.பி.ஐ. ஆள் நிற்கிறார் என்ற எண்ணத்தை அவர்கள் மனத்தில் பதிக்கும் என்றும் காரணம் சொன்னது. எல்லாரையும் பின்தொடர ஆட்கள் போதாத காலத்தில், பின்தொடர்வதாக நம்ப வைப்பது மலிவான வழி. 2014 ஜனவரி 21 அன்று உக்ரைனின் கீவ் நகரில் அரசு எதிர்ப்பாளர்களுக்கும் காவல்துறைக்கும் மோதல் நடந்த இடத்துக்கு அருகே இருந்தவர்களின் கைப்பேசிகளுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: அன்புள்ள சந்தாதாரரே, பெருங்கலவரத்தில் பங்கேற்றவராகப் பதிவு செய்யப்பட்டுள்ளீர்கள். இப்போது அஞ்சல் பெட்டிக்குப் பின்னால் ஆளே வேண்டியதில்லை.

கோபுரநிழல் எழுதியது:

தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்றில் பதிவேடுகளைப் பராமரிக்கும் வேலை பார்த்தவன் என்ற முறையில், செவ்வந்தி கடைசியாகச் சொன்ன குறுஞ்செய்தி எப்படி அனுப்ப முடிந்தது என்பதை விளக்கினால் பயன்படும் என்று நினைக்கிறேன். கண்காணிப்பு என்றாலே ஒருவர் காதில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு நம் பேச்சைக் கேட்பதாகத்தான் பலர் கற்பனை செய்கிறார்கள். அந்தக் கற்பனைதான் ‘என்னைப் போய் யார் கேட்கப் போகிறார்கள்’ என்ற நிம்மதியையும் தருகிறது.

அழைப்பு விவரப் பதிவில் ஓர் அழைப்புக்கு ஒரு வரி விழும். அழைத்த எண், அழைக்கப்பட்ட எண், தொடங்கிய நேரம், நொடிக்கணக்கில் நீளம், சிம் அட்டையின் அடையாள எண், கருவியின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண், தொடக்கத்திலும் முடிவிலும் கைப்பேசி தொடர்பில் இருந்த கோபுரப் பிரிவின் எண். பேசிய சொல் ஒன்றுகூட அதில் இருக்காது. ஆனால் ஒரு கோபுரத்தின் எண்ணையும் மாலை நான்கு முதல் ஏழு வரை என்ற நேர வரம்பையும் கொடுத்துத் தேடினால், அந்த நேரத்தில் அந்தக் கோபுரத்தின் எல்லைக்குள் பேசிய அனைவரும் ஒரே பட்டியலில் வந்து நிற்பார்கள். யாரும் பேசாவிட்டாலும், இணைய இணைப்பில் இருக்கும் கைப்பேசி தானாகவே தடயம் விட்டுக்கொண்டிருக்கும். கூட்டத்துக்குக் கிளம்பும் முன் எல்லாரும் ஒரே நேரத்தில் கைப்பேசியை அணைத்தால், அப்படி அணைந்த எண்களின் பட்டியலும் தேடக்கூடியதே என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பெயர்களை நீக்கிவிட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: 15 லட்சம் பேரின் 15 மாத நடமாட்டப் பதிவை ஆராய்ந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், ஒருவர் இருந்த இடமும் நேரமும் தெரிந்த நான்கே புள்ளிகள் 95 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காணப் போதுமானவையாக இருந்தன. வீடு, அலுவலகம் என்ற இரண்டு புள்ளிகளை நாம் அனைவருமே ஊரறியக் கொடுத்துவிட்டோம்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018 ஜூனில் முடிவு செய்த கார்பென்டர் வழக்கில், ஒரு மனிதரைப் பற்றிக் காவல்துறை பெற்றிருந்தது 127 நாட்களின் 12,898 இடப் புள்ளிகள், அதாவது நாளொன்றுக்கு நூறுக்கும் மேல். அந்தத் தரவைப் பெற நீதிபதியின் ஆணை வேண்டும் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்புதான், ஆனால் ஆணை கேட்டு நிற்பதற்குப் பதிலாக, விளம்பரச் செயலிகள் திரட்டும் இடத்தரவைத் தரகர்களிடம் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும் வழி அரசு முகமைகளுக்குத் திறந்தே இருந்தது. அமெரிக்க உளவுத்துறைத் தலைமையகமே 2023 ஜூனில் வெளியிட்ட அறிக்கையில் இந்தக் கொள்முதலை ஒப்புக்கொண்டிருக்கிறது.

2019இல் ஹாங்காங் போராட்டங்களின்போது நடந்தது இதை அறிந்தவர்களின் நடத்தைக்கு ஓர் எடுத்துக்காட்டு. அந்நகரில் ஏறத்தாழ எல்லாரிடமும் ஆக்டோபஸ் என்ற பயண அட்டை இருக்கும். வாயிலில் தொட்டுவிட்டு நடந்து போவார்கள். போராட்டம் முடிந்த இரவுகளில் மட்டும், மெட்ரோ நிலையங்களின் பயணச்சீட்டு இயந்திரங்களுக்கு முன்னால் இளைஞர்கள் நீண்ட வரிசையில் நின்று, காசு போட்டு ஒற்றைப் பயணச் சீட்டு வாங்கினார்கள். அட்டை தங்கள் பயணத்தைச் சொல்லிவிடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வீதிக்கு வரும் முடிவை எடுத்துவிட்டவர்களுக்கே இவ்வளவு ஏற்பாடு தேவைப்பட்டது என்றால், தயங்கி நிற்பவரின் கணக்கில் இது எவ்வளவு பெரிய தடை என்று யோசித்துப் பாருங்கள்.

பனைநிழல் சொன்ன மௌனத்துக்கு ஒரு விதிவிலக்கையும் குறிப்பிட விரும்புகிறேன். மக்கள் செய்யாத எதிர்ப்பின் ஒரு பகுதியை, சத்தமில்லாமல், பொறியாளர்கள் செய்தார்கள். கூகுளின் தரவு மையங்களுக்கு இடையே ஓடும் கம்பிவடங்களிலிருந்தே முகமை தகவலை உறிஞ்சுகிறது என்று 2013 அக்டோபர் இறுதியில் தெரியவந்தது; அந்த இணைப்புகளில் மறையாக்கம் செய்யும் வேலையை, அதாவது தகவலைப் பிறர் வாசிக்க முடியாத வடிவுக்கு மாற்றும் வேலையை, முதல் ஆவணங்கள் வெளியானதுமே நிறுவனம் முடுக்கிவிட்டிருந்தது. 2016 ஏப்ரலில் வாட்ஸப் தன் பயனர்கள் அனைவருக்கும், அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே வாசிக்கக்கூடிய இருமுனை மறையாக்கத்தைக் கொண்டுவந்தது. கோடிக்கணக்கானவர்களுக்கு, அவர்கள் கேட்காமலே, ஒரு பூட்டு கிடைத்தது. ஆனால் கேட்காமல் கிடைத்ததைக் கேட்காமலே எடுத்துவிடவும் முடிகிறது: பிரிட்டிஷ் அரசு பயனர் தரவுக்கு வழி கேட்டதைத் தொடர்ந்து, 2025 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் தன் உச்சநிலை மேகச் சேமிப்புப் பாதுகாப்பை அந்நாட்டில் மட்டும் விலக்கிக்கொண்டது. அதற்காகப் பெருந்திரளாக எவரும் வீதிக்கு வரவில்லை. அந்த வசதி தங்களிடம் இருந்ததையே பெரும்பாலோர் அறிந்திருக்கவில்லை.

பனைநிழல் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மறுப்பதற்கான தருணமே இல்லாமல் போனது என்று எழுத்தாணி அவர்கள் சொன்னது என் கேள்வியையே மாற்றிவிட்டது. குறிஞ்சிக்காடு அவர்கள் சொன்ன ஏற்பும் ஒரு பங்கு வகிக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறேன், ஆனால் படிக்காமல் விட்ட பக்கங்களை ஏற்பின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஒரே ஒரு துணைக்கேள்வி. கணக்கெடுப்புப் படிவம் போல ஒன்று வாசலுக்கு வராத இந்தக் காலத்தில், அப்படி ஒரு தருணத்தை மக்கள் தாங்களே உண்டாக்கிக்கொண்ட எடுத்துக்காட்டு இருக்கிறதா? இணையத்தில் ஒரு மனுவில் கையெழுத்திடுவது அதற்கு ஈடாகுமா?

எழுத்தாணி எழுதியது:

இருக்கிறது, மறுபடியும் ஜெர்மனிக்கே போக வேண்டியிருப்பதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். 1983 தீர்ப்பிலேயே உங்கள் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடைய ஒரு வாதம் உண்டு: ஒரு கூட்டத்திலோ குடிமக்கள் இயக்கத்திலோ பங்கேற்பது அரசால் பதியப்படும், அதனால் தனக்கு இடர் வரலாம் என்று எதிர்பார்ப்பவர், அந்த உரிமைகளைப் பயன்படுத்தாமலே இருந்துவிடக்கூடும் என்று நீதிபதிகள் எழுதினார்கள். போராடத் தயங்குவதைக் குடிமகரின் குறையாக அவர்கள் பார்க்கவில்லை, பதிவேட்டின் விளைவாகப் பார்த்தார்கள். பின்னாளில் வந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

உறுப்பு நாடுகள் தத்தம் சட்டமாக்க வேண்டிய ஐரோப்பிய ஒன்றிய நெறியாணை ஒன்றைப் பின்பற்றி, எல்லாருடைய தொலைபேசி, இணையத் தொடர்பு விவரங்களையும் ஆறு மாதம் சேமித்து வைக்க வேண்டும் என்ற ஜெர்மானியச் சட்டம் 2008 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தபோது, வழக்கமாக ஓரிருவர் தொடுக்கும் அரசமைப்பு முறையீட்டை 34,000க்கும் மேற்பட்டோர் சேர்ந்து தொடுத்தார்கள். ஒவ்வொருவரும் வழக்கறிஞருக்கான அதிகாரப் பத்திரத்தைக் காகிதத்தில் அச்சிட்டு, தன் பெயரையும் முகவரியையும் எழுதி, கையெழுத்திட்டு, அஞ்சலில் அனுப்ப வேண்டும். இணைய மனுவில் ஒரு பொத்தானை அழுத்துவதோடு இதை ஒப்பிட முடியாது. தன் பெயர் அரசின் கண்ணில் படக்கூடாது என்று விரும்பும் விஷயத்திலேயே தன் பெயரை எழுதி நீதிமன்றத்துக்குக் கொடுப்பது அது. 2010 மார்ச் 2 அன்று, கார்ல்ஸ்ரூ நகரில் உள்ள அதே கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்று அறிவித்து, அதுவரை திரட்டிய தரவை உடனே அழிக்க உத்தரவிட்டது. நெறியாணையையே ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014 ஏப்ரல் 8 அன்று ரத்து செய்தது.

எல்லா இடங்களிலும் ஆயிரக்கணக்கானோர் வேண்டியிருக்கவில்லை. இந்தியாவில் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி 2012இல் தொடுத்த வழக்கிலிருந்துதான், தனியுரிமை அடிப்படை உரிமையே என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துக் கூறிய 2017 ஆகஸ்ட் 24 தீர்ப்பு பிறந்தது. ஆனால் தனியொருவர் வெல்லும் வழக்கில் ஒரு குறை உண்டு. தீர்ப்பு வந்த பிறகு அதைக் காத்து நிற்க, அதில் தன் பெயரைக் காணும் மக்கள் இருப்பதில்லை.

ஜெர்மனியிலும் வெற்றி நிலைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். 2015இல் சேமிப்புக் காலத்தைக் குறைத்து அதே சட்டம் திரும்பி வந்தது. மறுபடி வழக்கு, மறுபடி இழுபறி. 2022 செப்டம்பர் 20 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அதுவும் ஒன்றியச் சட்டத்துக்கு முரணானது என்று சொன்னது. அதற்குப் பிறகும் புதிய வரைவுகள் பேசப்படுகின்றன. அதிகாரப் பத்திரப் படிவத்தை மீண்டும் அச்சிட வேண்டி வரலாம்.